பசை காயாத சுவர்

அத்தியாயம் ஒன்பது

வெள்ளிக்கிழமை காலை அப்சானா கண்ணைத் திறந்ததுமே தரையைப் பார்த்தாள். பூக்கள் அங்கேதான் கிடந்தன.

ராத்திரி படுக்கும்போது சுவரில் இருந்த கொடியும் ஊதாப் பூவும் விடிவதற்குள் இறங்கி வந்து, கட்டில் காலைச் சுற்றிக்கொண்டு கிடந்தன. இது நாலாவது தடவை.

சவூதியில் தம்மாமிலிருந்து அவள் கணவன் சுபுஹான் சிநேகிதன் கையில் கொடுத்தனுப்பிய காகிதச் சுருள் அது. ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான அகலம், பிரித்துக்கொண்டே போனால் அறையைச் சுற்றி வரும் நீளம். கூடவே ஒரு கடிதம். 'நம் அறைச் சுவரைச் சுற்றி இந்த பார்டரை ஒட்டி வை. கட்டிலில் உட்கார்ந்தால் என் தலைக்கு நேராக இருக்க வேண்டும். நான் வண்டி ஓட்டும் வீட்டில் இப்படித்தான் ஒட்டியிருக்கிறார்கள். வந்ததும் அதைத்தான் முதலில் பார்ப்பேன்.'

பாவம், அவனுக்குத் தெரியாது. அவன் விமானம் ஏறின பிறகு கட்டின அறை இது. அவனுடைய அத்தா ஜான் பாஷா சின்னசேலத்துக் கொத்தனாரை வரவழைத்து, சாந்தைக் கரண்டியில் அள்ளி விசிறி விசிறி அடிக்கச் சொல்லி, முள்ளு முள்ளாக ஒரு பூச்சுப் பூச வைத்திருந்தார். "மெட்ராஸ்ல பேங்கு பில்டிங்கெல்லாம் இப்ப இதான்" என்று தெருவில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். முழங்கை உரசினால் தோல் வழண்டு போகும். அதன் மேல் இரண்டு கை சுண்ணாம்பு வேறு.

மைதா பசை நிற்கவில்லை. ஜவ்வரிசிக் கஞ்சி நிற்கவில்லை. தபாலாபீசில் வைத்திருக்கிற மாதிரி பாட்டில் கோந்தும் நிற்கவில்லை. நேற்று மறுபடியும் மைதா.

"இன்னா, இறங்கிடுச்சா?"

மாமியார் ரோஷன் பீவி வாசற்படியில் நின்றிருந்தாள். அவள் கேட்டால் அது கேள்வியாக இருக்காது.

"ஆமா மாமி."

"ஒரு காகிதத்த சுவத்துல நிக்க வைக்கத் தெரியல. எம்புள்ள வந்து கேட்டா இன்னா சொல்லுவ? சுவரு வாணாங்குது, காகிதம் வாணாங்குது, நடுவுல நான் இன்னா பண்றதுன்னா?"

அப்சானா பார்டரைச் சுருட்டத் தொடங்கினாள். பின்பக்கம் முழுக்க வெள்ளையாகச் சுண்ணாம்புத் தூள். பசை காகிதத்தை விடவில்லை. சுவர்தான் தன் தோலை உரித்துக் கொடுத்துவிட்டு நழுவிக்கொண்டிருந்தது.

சுபுஹான் புதன்கிழமை மெட்ராஸில் இறங்கிவிட்டான். தந்தி வந்தது. வியாழக்கிழமை விடிந்தால் மறியல். ஏழு நாளைக்கு ஒரு வண்டி ஓடக்கூடாது என்று இட ஒதுக்கீடு கேட்டுப் போராடுகிறவர்கள் அறிவித்திருந்தார்கள். சொன்னபடியே செய்தார்கள். உளுந்தூர்பேட்டை ரோட்டில் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். சேலம் ரோட்டிலும் அப்படியே. கச்சிராயபாளையம் தாண்டி ஜீப் போகாததால், வெள்ளிமலையிலிருந்து ஜான் பாஷாவின் மளிகைக்கடைக்கு இறங்க வேண்டிய புளியும் கடுக்காயும் மலையிலேயே நின்றுவிட்டன. எங்கெங்கோ துப்பாக்கிச் சூடு என்று ரேடியோ சொன்னது.

மெட்ராஸுக்கும் கள்ளக்குறிச்சிக்கும் நடுவில் சுபுஹான் எங்கே இருக்கிறான் என்று யாருக்கும் தெரியாது.

பகல் பன்னிரண்டு மணிக்கு ஜான் பாஷா குளித்து, அத்தர் தடவி, தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஜும்ஆத் தொழுகைக்குக் கிளம்பினார். கையில் பெரிய பூட்டு.

"இது எதுக்கு?" என்றாள் ரோஷன் பீவி.

"தெருவுல போலீசு ஓடிக்கினு இருக்குது. பஸ் ஸ்டாண்டு பக்கம் நேத்து கல்லு வுழுந்துச்சாம். வெளிய பூட்டிக்கினு போறேன். வூட்ல யாரும் இல்லன்னு நெனச்சிக்குவாங்க. பின்கதவு தாப்பா போட்டிருக்குல்ல? யார் தட்டுனாலும் தொறக்காதீங்க."

முன்கதவு சாத்தியது. பூட்டு விழும் சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம் தெருவில் தேய்ந்து போயிற்று.

இரண்டு வருஷத்தில் அப்சானா இந்த வீட்டை விட்டு வெளியே போனது மூன்று தடவை. மூன்றும் திருக்கோவிலூரில் இருக்கும் அம்மா வீட்டுக்கு. அறையில் ஒரு ஜன்னல் உண்டு. அதைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். ஆனாலும் கதவு என்று ஒன்று இருக்கிறது, நினைத்தால் திறக்கலாம் என்று மனதின் ஒரு மூலையில் வைத்திருந்தாள். இன்று அதுவும் இல்லை. ஜும்ஆ முடிந்து மாமா வரும் வரைக்கும் மாமியும் அவளும் நாலு சுவரும்தான்.

ரோஷன் பீவி கூடத்தில் பாயை விரித்துத் தொழ நின்றாள். மாதவிலக்கு நாள் என்பதால் அப்சானாவுக்கு இந்த இரண்டு நாளாகத் தொழுகை இல்லை. அடுப்படியில் உட்கார்ந்து பார்டரின் முதுகை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் பின்கதவு தட்டப்பட்டது.

"பாயம்மா! பாயம்மா! நான் தனசேகரன். மைதா வாங்கற தனசேகரன்!"

தெரிந்த குரல்தான். சினிமாக் கொட்டகைக்குப் போஸ்டர் ஒட்டுகிறவன், கருணாபுரத்து ஆள். வாரா வாரம் கடையில் மைதாவும், பசையைப் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தமும் வாங்குவான். கடையில் அவன் பேசிச் சிரிப்பதை அப்சானா உள்ளே இருந்து கேட்டிருக்கிறாள். முகம் பார்த்ததில்லை.

அவள் கூடத்துக்கு ஓடினாள். ரோஷன் பீவி கையைக் கட்டி நின்றிருந்தாள். தொழுகையின் நடுவில் இருக்கிறவளிடம் என்ன கேட்பது? பதிலும் வராது, திரும்பிப் பார்க்கவும் மாட்டாள்.

"பாயம்மா, தொறங்க! புடிச்சிக்கினு போயிடுவாங்க!"

ரோஷன் பீவி குனியப் போகும்போது "அல்லாஹு அக்பர்" என்பதைச் சற்று உரக்கச் சொன்னாள். வழக்கத்தை விட உரக்க. பால் பொங்கினால் இப்படித்தான் சத்தம் கொடுப்பாள். பூனை வந்தாலும் இப்படித்தான்.

திற என்கிறாளா? திறக்காதே என்கிறாளா?

அப்சானா கதவருகே போய் நின்றாள். வெளியே மூச்சு வாங்கும் சத்தம் அவள் காதுக்கே நேராகக் கேட்டது. சந்தின் கோடியில் ஒரு ஜீப் வந்து உறுமி நின்றது.

தாழ்ப்பாள் மேல் இருந்த கை, அவள் முடிவு செய்வதற்கு முன்பே அதை இழுத்துவிட்டது.

உள்ளே வந்தவனுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். ஒரு கையில் வாளி, அதில் நார் பிரஷ். தோளில் தொங்கும் பை, அதிலிருந்து எட்டிப் பார்க்கும் காகிதக் கட்டு. முழங்கை வரைக்கும் காய்ந்த பசை, பாம்புத் தோல் மாதிரி வெடித்திருந்தது. அவன் அவளைப் பார்த்ததும் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டான். அவள் முக்காட்டை இழுத்துவிட்டு, கதவைச் சாத்தித் தாழிட்டாள்.

"பாயம்மா இல்லிங்களா?"

"தொழுதுக்கினு இருக்காங்க."

ரோஷன் பீவி வலப்பக்கமும் இடப்பக்கமும் ஸலாம் சொல்லி முடித்துவிட்டு, பாயைக் கூட மடிக்காமல் எழுந்து வந்தாள்.

"யா அல்லா! ஆம்பள இல்லாத வூட்ல இன்னா வேலடா உனக்கு? கெளம்பு!"

"பாயம்மா, மறியல் போஸ்டர் ஒட்டுனவங்கள எல்லாம் அள்ளிக்கினு இருக்காங்க. எம்பேர யாரோ குடுத்துட்டான். எனக்கு இன்னா தெரியும்? சினிமா குடுத்தா சினிமா ஒட்டுவேன், சாவு நோட்டீஸ் குடுத்தா சாவு நோட்டீஸ் ஒட்டுவேன். போராட்டம் அவங்களுது, பசைதான் என்னுது. மிச்சம் பதினோரு போஸ்டர் வூட்ல கெடந்துச்சு. 'உன்னோட சேத்து என்னையும் உள்ள வைக்கவா'ன்னு இருசம்மா தூக்கி எங்கையில குடுத்துத் தொரத்திட்டா. எங்க வீசறதுன்னு தெரியாம சுத்திக்கினு இருக்கறேன்."

இருசம்மாள் அவன் மனைவி.

"அத இங்க வந்து வீசலாம்னு பாத்தியா?"

"ஜீப்பு போனதும் போயிடறேன், பாயம்மா."

ரோஷன் பீவி கதவிடுக்கு வழியாகச் சந்தைப் பார்த்தாள். ஜீப் போகவில்லை. இரண்டு போலீஸ்காரர்கள் இறங்கி, ஒவ்வொரு வீட்டுப் பின்கதவாகத் தட்டத் தொடங்கியிருந்தார்கள். அவள் முகம் வெளுத்தது. திரும்பிக் கூடத்தைத் தாண்டி முன்கதவைப் பார்த்தாள். வெளியே பூட்டு.

பின்னால் போனால் போலீஸ். முன்னால் போனால் பூட்டு. நடுவில், புருஷன் ஊரில் இல்லாத மருமகளும் ஒரு வேற்று ஆளும். மாமா வந்து பூட்டைத் திறக்கும்போது இவன் இங்கே இருந்தால் பிடித்துப் போவார்கள். அதோடு முடியாது. தெருவில் அப்சானாவின் பெயர் என்ன ஆகும் என்பதை மூன்று பேரும் ஒரே நேரத்தில் யோசித்தார்கள்.

"அடுப்புல வெச்சிக் கொளுத்திடலாமா?" என்றான் தனசேகரன்.

"பூட்டின வூட்லேர்ந்து புகை போனா வெளிய இருக்கறவன் சும்மா இருப்பானா?"

"கெணத்துல..."

"குடிக்கிற தண்ணிடா!"

அவன் பார்வை அலைந்து, அடுப்படியில் ஈரமாகக் கிடந்த பார்டரில் வந்து நின்றது. பிறகு திறந்திருந்த அறைக்குள், திட்டுத் திட்டாகத் தோல் உரிந்து நின்ற சுவரில். இத்தனை பயத்திலும் அவனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"அத அதுலயா ஒட்டுனீங்க? ஏழு ஜென்மத்துக்கும் நிக்காது. அது சுவரு இல்ல, பலாப்பழம்."

"மைதா கெட்டியாத்தான் காய்ச்சினேன்," என்றாள் அப்சானா. இது அவளுக்கு நாலு நாளாக உள்ளே இருந்த ரோஷம்.

"மைதா மேல தப்பில்ல தங்கச்சி. முள்ளு மேல காகிதம் படுக்காது. எங்க தொழில்ல பழைய போஸ்டர் மேலதான் புதுப் போஸ்டர். மொதல்ல ஒண்ண அடிச்சிக் குழியில எல்லாம் ஏத்திவுட்டா, அதும்மேல எத வெச்சாலும் வுடாது. காகிதத்துக்குக் காகிதந்தான் சொந்தம்."

அப்சானா அவன் பையைப் பார்த்தாள். கட்டைப் பார்த்தாள். பார்டரைப் பார்த்தாள்.

"அண்ணே," என்றாள், குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "அந்தப் பதினோரு போஸ்டரையும் சாண் சாணா வெட்டுனா ரூம சுத்தி வருமா?"

தனசேகரன் வாயைப் பிளந்தான். பிறகு மெதுவாக வாளியைக் கீழே வைத்தான்.

"வரும்."

"அடிப் பாவி," என்றாள் ரோஷன் பீவி. ஆனால் அதைச் சொல்லிக்கொண்டே அவள் தையல் கத்தரிக்கோலைத் தேடப் போனாள்.

அதன் பிறகு பேச்சு குறைந்தது. வாளியில் இருந்த பசை பாதிதான் தேறும். மைதா போதாது, மரவள்ளி மாவு வேண்டும் என்றான் அவன். அதற்குப் பஞ்சமில்லை. வீட்டோடு இருந்த கடைக் குடோனில் மலைக் கிழங்கு மாவு இரண்டு மூட்டை இருந்தது. அப்சானா புகை வராமல் ஸ்டவ்வில் காய்ச்சினாள். அவன் தேங்காய் நார் பிரஷால் சுவரை மேலிருந்து கீழ் தேய்த்துச் சுண்ணாம்பை உதிர்த்தான். ரோஷன் பீவி கட்டிலில் உட்கார்ந்து போஸ்டர்களைச் சாண் சாணாக வெட்டினாள். குண்டு குண்டாகச் சிவப்பு எழுத்துகள். மறியல், மறியல், மறியல்.

"எழுத்து சுவத்துப் பக்கம் போவணும், பாயம்மா. பின்பக்கம் வெள்ளை வெளிய இருக்கணும். தப்பா வெச்சிட்டா சாயம் ஏறிடும்."

"அப்ப எழுத்து மேல பசையத் தடவச் சொல்றியா?"

"பின்ன?"

"எழுத்துடா அது. எந்த எழுத்தா இருந்தா இன்னா? கால்ல பட்டாலே கண்ணுல ஒத்திக்கிறோம். அதும்மேல கஞ்சிய ஊத்துன்றியே!"

"போலீசு வந்தா எம்மேல இன்னா ஊத்துவான்னு நெனச்சிக்கினு ஊத்துங்க, பாயம்மா."

அவள் முணுமுணுத்துக்கொண்டே வெட்டினாள். அவன் சுவரில் பசையை அடித்து, துண்டை வைத்து, நனைத்த கோணியால் குத்திக் குத்திக் குழிக்குள் ஏற்றினான். காகிதம் முதலில் முரண்டு பிடித்தது. பிறகு ஈரம் ஏறியதும் துவண்டு, ஒவ்வொரு முள்ளையும் கட்டிக்கொண்டது. அதன் மேல் மறுபடியும் பசை. அதன் மேல் அப்சானா பார்டரைப் பிடிக்க, அவன் நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றை ஓட்டினான். அவள் ஒரு முனை, அவன் மறு முனை. நடுவில் எப்போதும் ஓர் ஆள் நீள இடைவெளி. அதைக் கட்டிலில் இருந்த ரோஷன் பீவி கண்ணால் அளந்துகொண்டே இருந்தாள்.

"இந்த ஊர்ல நான் ஒட்டாத சுவரு ரெண்டு," என்றான் அவன், வியர்வையைத் தோளில் துடைத்து. "ஒண்ணு ஸ்டேஷனு. இன்னொண்ணு உங்க வூடு. இன்னிக்கு ஒண்ணு கொறஞ்சிச்சு."

அப்சானாவுக்குச் சிரிப்பு வந்தது. மாமியின் முகத்தைப் பார்த்ததும் அடங்கியது.

மூன்று சுவர் முடிந்து, நாலாவதும் பாதி தாண்டியிருந்தது. பின்கதவைத் தட்டினார்கள். மூவரும் அசையாமல் நின்றார்கள். "உள்ள யாரு?" என்றது ஒரு குரல். இன்னொரு குரல், "பாய் வூடு சார். முன்னால பூட்டியிருக்குது" என்றது. காலடி நகர்ந்தது. ரோஷன் பீவி நெஞ்சில் கை வைத்தாள்.

நகர்ந்த காலடி போய்விடவில்லை. தெருப்பக்கம் சுற்றிப் போனது. சற்று நேரத்தில் முன்வாசலில் ஜான் பாஷாவின் குரல் கேட்டது.

"வூட்ல யாரும் இல்லிங்க சார். பொம்பளைங்க மட்டுந்தான். நானே பூட்டு போட்டுட்டுத்தான் ஜும்மாவுக்குப் போனேன். வேணும்னா வந்து பாத்துக்குங்க."

மாமா தனக்குத் தெரிந்ததைத்தான் சொல்கிறார். அது பொய் என்று அவருக்குத் தெரியாது.

கதவோரத்தில் இரண்டு முழம் பாக்கி. திரும்பிப் பார்த்தால், ரோஷன் பீவி தானே எழுந்து வந்து கடைசித் துண்டை ஒட்டிவிட்டிருந்தாள். அவள் இஷ்டப்படி. எழுத்தின் மேல் பசை படாமல் முதுகில் தடவி, எழுத்து முழுக்க வெளியே தெரிய.

மறியல் என்று சுவர் சிவப்பாகக் கத்தியது.

பூட்டில் சாவி திரும்பியது. பிய்த்து ஒட்ட நேரம் இல்லை. தனசேகரன் அதன் மேலேயே இரண்டு இழுப்புப் பசையை அடித்தான். அப்சானா பார்டரை வைத்தாள். அவன் கோணியால் அறைந்தான். எழுத்து மறைந்தது, ஊதாப் பூ உட்கார்ந்தது. மிச்சப் பார்டர் அவள் கையில் சுருளாக நின்றது.

ஜான் பாஷா முதலில் வந்தார். பின்னால் எஸ்.ஐ., இரண்டு காவலர்கள். அறை வாசலில் வந்ததும் ஜான் பாஷா அப்படியே நின்றுவிட்டார். அவர் கண் தனசேகரனைப் பார்த்தது, மருமகளைப் பார்த்தது, மனைவியைப் பார்த்தது. மூன்று இடத்திலும் அதற்கு உட்கார இடம் கிடைக்கவில்லை.

"இன்னா பாய், பொம்பளைங்க மட்டுந்தான்னீங்க?" என்றார் எஸ்.ஐ.

ஜான் பாஷா மனைவி பக்கம் திரும்பினார்.

"அவருக்கு ஒண்ணும் தெரியாதுங்க," என்றாள் ரோஷன் பீவி, முக்காட்டுக்குள்ளிருந்து. "புள்ள வெளிநாட்லேர்ந்து வர்றான். சுவத்துல காகிதம் ஒட்டணும்னு ஆள வரச் சொன்னது நான். இவருகிட்ட சொன்னா வுட மாட்டாருன்னு சொல்லல."

"ஊரே எரிஞ்சிக்கினு இருக்குது, உங்களுக்குச் சுவத்துல பூ ஒட்டணுமா?"

எஸ்.ஐ. தனசேகரனின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "கையெல்லாம் பசை. போஸ்டர் எங்கடா? கட்டோட வந்தான்னு சொன்னாங்களே."

தனசேகரன் தரையைப் பார்த்தான். அப்சானா தன் கையில் இருந்ததை நீட்டினாள்.

"இந்தக் கட்டா சார்?"

எஸ்.ஐ. சுருளை வாங்கிப் பிரித்தார். ஊதாப் பூ. ஓரத்தில் சின்ன இங்கிலீஷ் எழுத்து. திருப்பிக் கொடுக்காமல், அவளையே பார்த்தார்.

"கதவத் தொறந்தது யாரும்மா?"

"நான்."

"பூட்டின வூட்ல, அறிமுகம் இல்லாத ஆளுக்கா?"

"பசை காய்ச்சத் தெரிஞ்ச ஆளுக்கு, சார். நாலு நாளா எனக்கு நிக்கல."

ஜான் பாஷா கண்ணை மூடிக்கொண்டார். மருமகள் அந்நிய ஆண்பிள்ளையிடம் பேசி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

எஸ்.ஐ. சுவரை நெருங்கினார். உள்ளங்கையால் பூச்சைத் தடவிவிட்டுச் சட்டென்று எடுத்தார். குத்தியிருக்க வேண்டும். "இந்தச் சுவத்துல எப்படிய்யா காகிதம் நிக்கும்? யாருக்குக் கதை வுடறீங்க?" என்று பார்டரின் கீழ் ஓரத்தில் நகத்தைக் கொடுத்து இழுத்தார்.

அப்சானா நாலு நாளாகக் கும்பிடாத குறையாகக் கேட்டது அந்தச் சுவரிடம்தான். நில், நில் என்று.

நின்றது.

இன்னொரு இடத்தில் இழுத்தார். அங்கேயும் நின்றது. நகத்தில் பசைதான் ஏறியது. அவர் அதைப் பேண்ட்டில் துடைத்தார்.

"பரவால்லியே. எங்க குவார்ட்டர்ஸ் சுவத்துல ஆணியே நிக்கறதில்ல." காவலர்கள் சிரிக்கலாமா வேண்டாமா என்று பார்த்தார்கள். எஸ்.ஐ. தனசேகரன் பக்கம் திரும்பினார். "வேல முடியற வரைக்கும் இங்கயே கெட. சந்து மொனையில ஆளு நிக்கும். ரோட்ல உன் தலை தெரிஞ்சிச்சு, அப்புறம் நான் எதையும் கேட்க மாட்டேன். நாளைக்கு மறுபடியும் வருவேன்."

அவர்கள் போனார்கள். சந்து முனையில் ஒரு லத்திக்கம்பு நின்றுகொண்டது.

தனசேகரனைக் குடோனில், மரவள்ளி மாவு மூட்டைகளுக்கு நடுவே உட்கார வைத்தார்கள். ரோஷன் பீவி ஒரு தட்டில் சோறு போட்டு, கதவுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தாள்.

ஜான் பாஷா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"மசூதியிலேர்ந்து நேரா வந்தவன வாசப்படியில பொய் சொல்ல வெச்சிட்டீங்க." அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "பூட்டு எதுக்குப் போட்டேன்?"

"நான்தான் தொறக்கச் சொன்னேன்," என்றாள் ரோஷன் பீவி. "தொழுகையில இருந்தேன். சத்தம் குடுத்தேன்."

அவர் தொப்பியை மறுபடியும் தலையில் வைத்தார். "சுபுஹான்கிட்ட இத யாரும் சொல்ல வாணாம். சுவத்த நீயே ஒட்டுனன்னு சொல்லிடு, அப்சானா. அவன் வர்றதுக்குள்ள அந்த ஆள எப்படியாச்சும் அனுப்பிடறேன்" என்றார்.

அது உத்தரவு. அவள் தலையாட்டினாள்.

அடுப்படியில் இருவரும் தனியாக இருக்கும்போது அப்சானா கேட்டாள். "மாமி, நெசமாவே தொறக்கச் சொல்லித்தான் சத்தம் குடுத்தீங்களா?"

ரோஷன் பீவி வெங்காயத்தை உரித்துக்கொண்டே இருந்தாள்.

"தொழுகையில அல்லாகிட்டதான் பேசறது. உங்கிட்ட இல்ல."

பொழுது சாயும் நேரத்துக்குச் சுபுஹான் வந்தான்.

பெட்டியெல்லாம் உளுந்தூர்பேட்டையில் தெரிந்தவர் கடையில். எலவனாசூர்க்கோட்டை வரைக்கும் ஏதோ ஒரு சைக்கிள் கேரியரில். அங்கிருந்து நடை. சாய்ந்த மரங்களில் ஏறி இறங்கி, வயல் வரப்பில் சுற்றி, வழியில் நின்றவர்களுக்கெல்லாம் தான் யார் என்று பதில் சொல்லி. வெள்ளைச் சட்டை மண்ணாகியிருந்தது. செருப்பு ஒரு காலில் அறுந்து, கயிற்றால் கட்டியிருந்தான். அம்மா அழுதாள். அத்தா தோளைப் பிடித்து இரண்டு தட்டுத் தட்டினார். யாரும் குடோன் பக்கம் பார்க்கவில்லை.

அவன் தண்ணீர் குடித்துவிட்டு நேராக அறைக்குப் போனான். சொன்னபடியே அதைத்தான் முதலில் பார்த்தான். ஜான் பாஷாவும் ரோஷன் பீவியும் வாசலில் வந்து நின்றார்கள்.

கட்டிலில் உட்கார்ந்தான். தலையைச் சுவரில் சாய்க்கப் போய், முள் குத்தி நிமிர்ந்தான். தலைக்கு நேராக ஊதாப் பூ.

"இந்தச் சுவத்துலயா? நீயா ஒட்டுன?"

இரண்டு வருஷமாக அவள் மனதில் வைத்திருந்த சிரிப்பு அவன் முகத்தில் இருந்தது. வாசலில் மாமா தொண்டையைச் செருமினார். ஆமாம் என்று சொல்ல வேண்டும். ஒரே சொல். அது நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

அப்போதுதான் அவள் அதைப் பார்த்தாள். கதவோரம், கடைசி இரண்டு முழம். வெள்ளைக் காகிதத்தின் உள்ளேயிருந்து, பூவுக்கும் பூவுக்கும் நடுவில், மெல்ல மெல்லச் சிவப்பு ஏறிக்கொண்டிருந்தது. முதலில் கறை மாதிரி. பிறகு ஒரு கொம்பு, ஒரு வளைவு.

அவள் பார்வை போன இடத்துக்கு அவன் பார்வையும் போனது. எழுந்து நொண்டிக்கொண்டே போய் அதன் மேல் விரலை வைத்தான். எழுத்து எழுத்தாகப் படித்தான்.

"ம... றி... ய... ல்."

விரல் நுனியைத் திருப்பிப் பார்த்தான். சிவப்பு.

"ரெண்டு நாளா ரோடெல்லாம் இதத் தாண்டித்தான் வந்தேன்," என்றான். சிரிப்பு இன்னும் முழுதாக இறங்கவில்லை, ஆனால் இறங்கத் தொடங்கியிருந்தது. "என் ரூம்ல எப்படி வந்துச்சு? யாரு ஒட்டுனது, அப்சானா?"

"அவதான்டா, வேற யாரு..." என்று ஆரம்பித்தாள் ரோஷன் பீவி. குடோனில் வாளியின் கைப்பிடி ணங்கென்று விழுந்தது. அவள் பேச்சு அங்கேயே நின்றது.

சுபுஹான் சத்தம் வந்த பக்கம் திரும்பினான்.

அப்சானா எழுந்தாள். வாசலில் நின்ற மாமாவையும் மாமியையும் ஒரு தடவை பார்த்தாள். பிறகு, அவர்கள் இருவரும் வெளியே நிற்க, அறைக் கதவை இழுத்துச் சாத்தித் தானே தாழ்ப்பாளைப் போட்டாள். மாமாவையும் மாமியையும் வெளியே நிறுத்தி அவள் போட்ட முதல் தாழ்ப்பாள் அது.

"ஒக்காருங்க," என்றாள். "பின்கதவத் தொறந்தது நான்தான்."